காற்றுத்திரளும் வளிமுகமும்: வானிலைப் படத்தின் நீலக் கோடு எதைச் சொல்கிறது?

சென்னையில் ஒரு மாலை இடியுடன் மழை பெய்தால் போதும், இரவுக்குள் வாட்ஸ்அப்பில் ஒரு விளக்கம் வந்துவிடும்: "வடக்கிலிருந்து வந்த குளிர்காற்றும் தெற்கிலிருந்து வந்த வெப்பக்காற்றும் மோதிக்கொண்டதால் இந்த மழை." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உலகின் சில பகுதிகளுக்கு, ஓரிரு திருத்தங்களோடு, இது சரியும்கூட. சென்னைக்குத்தான் பொருந்தாது.

டொராண்டோவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர்கள் பார்க்கும் வானிலைப் படம் வேறு மாதிரி இருக்கும். முக்கோணப் பற்கள் வைத்த நீலக் கோடு, அரைவட்டங்கள் வைத்த சிவப்புக் கோடு என்று ஏதாவது ஒன்று அடிக்கடி ஊரைக் கடந்துகொண்டே இருக்கும். அந்தக் கோடுகள்தான் இந்தக் கட்டுரை. அவை என்னவென்று புரிந்துவிட்டால், நம் ஊர் வானத்தில் அவை ஏன் இல்லை என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

முதலில் காற்றுத்திரள்

குளிர்காலத்துச் சைபீரியாவை எடுத்துக்கொள்வோம். பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பனி மூடிய நிலம். பகல் குறுகியது, இரவு நீண்டது. அந்த நிலத்தின் மேல் காற்று அதிகம் நகராமல் ஒரு வாரம், பத்து நாள் கிடந்தால் என்ன ஆகும்? தரையின் குளிர் மெல்ல மெல்லக் காற்றுக்குள் ஏறும். பனியிலிருந்து ஆவி அவ்வளவாக வராது என்பதால் காற்று வறண்டே இருக்கும். கடைசியில் அந்தப் பரப்பு முழுவதன் மேலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையும் ஒரே ஈரப்பதமும் கொண்ட காற்று உருவாகிவிடும். இப்படி ஓரிடத்தில் கிடந்து அந்த இடத்தின் குணத்தை வாங்கிக்கொண்ட, ஆயிரம் கிலோமீட்டர் கணக்கில் பரந்த காற்றைத்தான் காற்றுத்திரள் என்கிறார்கள்.

குணம் இரண்டு விஷயங்களால் அமைகிறது. காற்று கிடந்த இடம் குளிர்ந்ததா, வெப்பமானதா? அடியில் நிலம் இருந்ததா, கடல் இருந்ததா? வடகனடாவில் கிடந்த காற்று குளிர்ந்து வறண்டிருக்கும். மெக்சிகோ வளைகுடாவின் மேல் கிடந்தது வெப்பமாகவும் ஈரமாகவும் இருக்கும். சஹாராவிலிருந்து வருவது வெப்பமும் வறட்சியும். வட அட்லாண்டிக்கின் வடபகுதியிலிருந்து இங்கிலாந்துக்கு வருவது குளிரும் ஈரமும். லண்டன்காரர்கள் தினமும் புலம்புவது பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான்.

ஒரு தவறான எண்ணத்தை இங்கேயே ஒதுக்கிவிடலாம். எல்லாக் காற்றும் இப்படி ஒரு திரளாக ஆவதில்லை. அடியில் ஒரே மாதிரியான பெரும்பரப்பு வேண்டும், மேலே காற்று மந்தமாக இருக்க வேண்டும். மலையும் பள்ளத்தாக்கும் கடற்கரையும் மாறி மாறி வரும் இடத்தில், காற்றும் பலமாக அடித்தால், எந்தக் குணமும் ஊறாது.

இன்னொன்று, வாங்கிய குணம் நிரந்தரமல்ல. திரள் கிளம்பி வேறு இடத்தைக் கடக்கும்போது அந்த இடம் அதை மாற்றும். குளிர்ந்து வறண்ட கனடாக் காற்று இன்னும் உறையாத ஈரி ஏரியைக் கடந்தால், ஏரியின் வெப்பத்தையும் ஆவியையும் அள்ளிக்கொண்டு மறுகரையில் இருக்கும் பஃபலோ நகரப் பகுதியில் பனியாகக் கொட்டும். 2014 நவம்பரில் அந்த வட்டாரத்தில் சில இடங்களில் ஆறடிக்கு மேல் பனி குவிந்தது. நம் வடகிழக்குப் பருவமழைக்கும் இதே கணக்கு ஓரளவு பொருந்தும். ஆசிய நிலப்பரப்பிலிருந்து வரும் வறண்ட காற்று வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை ஏற்றிக்கொள்கிறது. அதனால்தான் மற்ற இடங்களில் வறட்சியைக் கொண்டுவரும் வடகிழக்குக் காற்று தமிழகக் கரைக்கு மழையைக் கொண்டுவருகிறது.

சரி, இதுவரை பார்த்தது: ஓரிடத்தில் நாள்கணக்கில் கிடந்து அதன் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எடுத்துக்கொண்ட பெரும் காற்றுப் பரப்பு காற்றுத்திரள். போகிற வழியில் அது மாறவும் செய்யும்.

இரண்டு திரள்கள் சந்தித்தால்

இரண்டு திரள்கள் அருகருகே வந்தால் உடனே கலந்துவிடும் என்றுதான் தோன்றும். அவ்வளவு எளிதில் கலப்பதில்லை. ஏன் என்று வீட்டிலேயே பார்க்கலாம்.

ஏசி ஓடும் அறையின் கதவைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு வெளியே நில்லுங்கள். கணுக்காலில் சில்லென்று படும், முகத்தில் ஒன்றும் தெரியாது. ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி கதவிடுக்கின் அடியில் பிடித்தால் புகை வெளியே போகும். அதே ஊதுபத்தியைக் கதவின் மேல்பக்கம் பிடித்தால் புகை அறைக்குள் போகும். குளிர்ந்த காற்று கனமானது, எனவே அடியில் தவழ்ந்து வெளியேறுகிறது. வெளியிலிருக்கும் லேசான வெப்பக் காற்று அதன் தலைக்கு மேலே உள்ளே நுழைகிறது.

கனம் என்றால் எவ்வளவு? கடல்மட்டத்தில் 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் வறண்ட காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. 0 டிகிரியில் சுமார் 1.29 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள ஓர் அறையில் இருக்கும் காற்று 30 டிகிரியில் ஏறத்தாழ 33 கிலோ என்றால், 0 டிகிரியில் அதைவிட மூன்றரை கிலோ கூடுதல். ஓர் அறைக்கே இவ்வளவு என்றால், ஒரு மாநிலம் அளவுக்குப் பரந்து கிடக்கும் காற்றுக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே இரண்டு திரள்கள் சந்திக்கும்போது குளிர்ந்தது ஓர் ஆப்பு போல அடியில் நுழைந்துவிடும், வெப்பமானது அதன் மேலே ஏறும். இரண்டுக்கும் இடையில் உருவாகும் அந்தச் சாய்ந்த எல்லைதான் வளிமுகம். ஆங்கில வழக்கில் ஃப்ரண்ட் என்பார்கள். வானிலைப் படத்தில் நாம் பார்க்கும் கோடு, அந்தச் சாய்ந்த எல்லை தரையைத் தொடும் இடம் மட்டுமே. மீதி எல்லை வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குச் சரிந்து கிடக்கிறது. தரையிலும் அது கோடு அளவுக்கு மெல்லியதல்ல. பல பத்து கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை.

பாடப்புத்தகப் படங்கள் இந்தச் சரிவைச் செங்குத்துச் சுவர் போல வரைந்து நம்மை ஏமாற்றிவிடுகின்றன. நிஜத்தில் 100 கிலோமீட்டர் போனால் ஒரு கிலோமீட்டர் உயரும், அவ்வளவுதான். சில சமயம் அதைவிடவும் தட்டை.

இதையெல்லாம் முதலில் ஒழுங்காகக் கண்டறிந்தது நார்வேயின் பெர்கன் நகரில். முதல் உலகப் போர்க் காலம். நார்வே போரில் இல்லை, ஆனால் பிரிட்டனிலிருந்து வந்துகொண்டிருந்த வானிலைத் தகவல் நின்றுபோயிற்று. மீனவர்களுக்கும் உழவர்களுக்கும் முன்னறிவிப்பு தேவைப்பட்டது. 1917இல் பெர்கனுக்கு வந்த நார்வே வானிலை அறிவியலாளர் வில்ஹெல்ம் பியெர்க்னஸ், மேற்குக் கரையில் நெருக்கமாக நிறைய கவனிப்பு நிலையங்களை அமைக்க வைத்தார். தகவல் அவ்வளவு நெருக்கமாகக் கிடைத்த பிறகுதான், வெப்பநிலையும் காற்றின் திசையும் சட்டென்று மாறும் கோடுகள் வரைபடத்தில் கண்ணில் பட்டன. அவருடைய மகன் யாக்கோப் பியெர்க்னஸ், இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர், 1919இல் இதை ஒரு கட்டுரையாக வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் போர்முனைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த நேரம் அது. ஃப்ரண்ட் என்றால் போர்முனை என்றும் பொருள். காற்றின் எல்லைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

மோதல் எதையும் பொழிய வைப்பதில்லை

வாட்ஸ்அப் விளக்கத்தில் முதலில் திருத்த வேண்டியது "மோதி" என்ற சொல். இரண்டு காற்றுகள் முட்டிக்கொள்ளும் அதிர்ச்சியில் மழையும் இடியும் வருவதாகப் பலர் மனதில் ஒரு சித்திரம் இருக்கிறது. மழைக்கு உண்மையான காரணம் ஏற்றம்.

மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் மேலேறும் காற்று விரியும், விரிந்தால் குளிரும். ஈரம் இன்னும் நீராக மாறத் தொடங்காத காற்று ஒரு கிலோமீட்டர் ஏறினால் சுமார் 10 டிகிரி குளிர்ந்துவிடும். குளிர்ந்த காற்றில் ஆவிக்கு இடம் குறைவு. 30 டிகிரியில் ஒரு கனமீட்டரில் அதிகபட்சம் 30 கிராம் அளவுக்கு ஆவி இருக்கலாம். 10 டிகிரியில் 9 கிராம்தான். மிச்சம் துளியாகிறது, மேகமாகிறது, போதுமான அளவு இருந்தால் மழையாகிறது.

வளிமுகத்தின் வேலை இவ்வளவுதான்: வெப்பமான ஈரக்காற்றுக்கு மேலே ஏற ஒரு சாய்தளம் அமைத்துக் கொடுப்பது. ஏறும் காற்றில் ஈரமே இல்லையென்றால் வளிமுகம் வந்து போகும், ஒரு துளிகூட விழாது.

போகிற போக்கில் இன்னொன்று. ஈரக்காற்று கனமானது என்று நம்புகிறவர்கள் அதிகம். புழுக்கத்தில் உடல் கனப்பதால் வந்த நம்பிக்கையாக இருக்கலாம். ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் ஈரக்காற்றுதான் லேசானது. நீராவியின் மூலக்கூறு காற்றில் நிறைந்திருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளைவிட எடை குறைந்தது.

சுருக்கமாக: குளிர்காற்று அடியில், வெப்பக்காற்று மேலே, நடுவில் சாய்ந்த எல்லை. அந்தச் சரிவில் ஈரக்காற்று ஏறினால் மழை. இனி, எந்தப் பக்கம் முன்னேறுகிறது என்பதைப் பொறுத்து மழையின் குணம் மாறுகிறது.

குளிர் வளிமுகம்: ஒரே நாளில் இரண்டு பருவம்

குளிர்ந்த திரள் முன்னேறி, வெப்பத் திரள் பின்வாங்கினால் அது குளிர் வளிமுகம். படத்தில் நீலக் கோடு, முக்கோணப் பற்கள் நகரும் திசையைக் காட்டும். இந்த வகையில் சரிவு சற்றுச் செங்குத்தாக இருக்கும், வேகமும் அதிகம். வெப்பக்காற்று அவசரமாக மேலே தூக்கப்படுவதால் குறுகலான ஒரு பட்டையில் உயர்ந்த இடிமேகங்கள், கொட்டும் மழை, பலத்த காற்று. ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து வானம் வெளுத்துவிடும்.

1911 நவம்பர் 11 அன்று அமெரிக்காவின் நடுப்பகுதியைக் கடந்த வளிமுகத்தைத்தான் இன்றும் உதாரணம் சொல்கிறார்கள். அன்று பிற்பகல் ஓக்லஹோமா சிட்டியில் 28 டிகிரி செல்சியஸ், நம் ஊர்க் கார்த்திகை மாதம் மாதிரி. நள்ளிரவுக்குள் மைனஸ் 8. அந்தத் தேதிக்கான உச்ச வெப்பநிலைச் சாதனையும் குறைந்த வெப்பநிலைச் சாதனையும் ஒரே நாளில் பதிவாகி, நூறு ஆண்டுகள் கடந்தும் நின்றன. விஸ்கான்சின் மாநிலத்தின் ஜேன்ஸ்வில் பகுதியில் அன்று சுழல்காற்று உயிர்களைப் பறித்தது. இடிபாடுகளில் தேடிக்கொண்டிருந்தவர்கள் மேல் சில மணி நேரத்தில் பனிப்புயல் இறங்கியது.

அமெரிக்கச் சமவெளியில் இப்படி நடக்க ஒரு காரணம் உண்டு. வடக்கே கனடாவிலிருந்து தெற்கே மெக்சிகோ வளைகுடா வரை குறுக்கே கிழக்கு மேற்காக ஒரு மலைத்தொடரும் இல்லை. இமயமலை மாதிரி ஒன்று அங்கே படுத்திருந்தால் கதையே வேறு.

குளிர் வளிமுகம் என்றால் மழையும் நிம்மதியும் என்று நினைத்துவிடக் கூடாது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் கோடைக்காலத்தில் உள்நாட்டுப் பாலைவனப் பக்கமிருந்து வடக்குக் காற்று அனலாக வீசும். பிறகு தெற்குக் கடலிலிருந்து வளிமுகம் வந்து சில நிமிடங்களில் வெப்பத்தை இறக்கும். பூமியின் தெற்குப் பாதி என்பதால் அங்கே குளிர் தெற்கிலிருந்து வருகிறது. 2009 பிப்ரவரி 7 அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி. ஏற்கெனவே காட்டுத்தீ வடமேற்குக் காற்றில் நீண்ட நாக்குப் போல தென்கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. மாலையில் வளிமுகம் வந்தது. தீயை அணைக்கும் அளவுக்கு மழையைக் கொண்டுவரவில்லை, காற்றின் திசையை மட்டும் தென்மேற்காகத் திருப்பியது. அதுவரை பக்கவாட்டாக இருந்த நீண்ட விளிம்பு முழுவதும் ஒரே நேரத்தில் முன்னேறும் தீயாக மாறிற்று. அன்றைய தீயில் இறந்தவர்கள் 173 பேர். வளிமுகத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம் நினைவில் வைக்கச் சொன்னால் நான் சொல்வது இதைத்தான்: மழை வரலாம், வராமலும் போகலாம். காற்றின் திசை மட்டும் மாறியே தீரும்.

வெப்ப வளிமுகம்: மெதுவாக வந்து நீண்ட நேரம் நனைப்பது

வெப்பத் திரள் முன்னேறினால் வெப்ப வளிமுகம். சிவப்புக் கோடு, அரைவட்டங்கள். கனமான குளிர்காற்றை லேசான காற்றால் நெட்டித் தள்ள முடியாது. எனவே அதன் முதுகின் மேல் மெல்ல ஏறிச் சறுக்கிப் போகும். சரிவு மிகவும் தட்டை, சில நேரம் 200, 300 கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் உயரம்தான்.

தட்டையாக இருப்பதால் முன்னறிவிப்பு வானத்திலேயே எழுதியிருக்கும். தரையில் எல்லை இன்னும் பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும்போதே, உச்சியில் இறகு போன்ற கீற்று மேகங்கள் தோன்றும். அடுத்து மெல்லிய வெண்திரை, அதனால் நிலவையும் சூரியனையும் சுற்றி வளையம். அப்புறம் சாம்பல் போர்வை. கடைசியாகத் தாழ்ந்த கருமேகமும் மணிக்கணக்கில் ஓயாத மெல்லிய மழையும். "அகல் வட்டம் பகல் மழை" என்று நம் பெரியவர்களும் நிலவின் வளையத்தைப் பார்த்து மழை சொல்லியிருக்கிறார்கள். நம் ஊரில் அந்த வெண்திரைக்குக் காரணம் வெப்ப வளிமுகமாக இருக்காது. ஆனால் உயரத்தில் பனித்துகள் மேகம் பரவியிருக்கிறது என்ற சேதி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

வெப்ப வளிமுகம் என்ற பெயரைக் கேட்டு இது சாதுவானது என்று நினைத்தால் கனடாக்காரர்கள் சிரிப்பார்கள். மேலே ஏறும் காற்று உறைநிலைக்கு மேல், அடியில் சிக்கியிருக்கும் குளிர்காற்று உறைநிலைக்குக் கீழ் என்று வைத்துக்கொள்வோம். மேலே வெப்பக்காற்றில் மழைத்துளியாக இருப்பது கடைசி சில நூறு மீட்டரில் குளிர்ந்து, ஆனால் உறையாமல், கீழே வரும். மரக்கிளை, மின்கம்பி, சாலை என்று எதில் பட்டாலும் அந்த நொடியே கண்ணாடி போல உறைந்துவிடும். இதற்கு உறைமழை என்று பெயர். 1998 ஜனவரி 5 முதல் 10 வரை மொன்றியல், ஒட்டாவா வட்டாரத்தில் இதுதான் நடந்தது. செயின்ட் லாரன்ஸ் பள்ளத்தாக்கில் குளிர்காற்று தேங்கி நின்றது. அதன் மேலே தெற்கிலிருந்து ஈரக்காற்று ஏறிக்கொண்டே இருந்தது. பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் மின்கோபுரங்கள் வரிசையாகச் சாய்ந்தன. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள், சிலருக்கு வாரக்கணக்கில். மழையின் அளவைவிட அது தொடர்ந்த நாள்கள்தான் அங்கே சேதம் செய்தன. எல்லை நகரவே இல்லை.

நகராமல் நிற்கும் அந்த மாதிரி எல்லைக்கு நிலை வளிமுகம் என்று பெயர். படத்தில் நீல முக்கோணமும் சிவப்பு அரைவட்டமும் எதிரெதிர்ப் பக்கம் பார்க்கும். நான்காவதாக ஒன்று உண்டு. வேகமான குளிர் வளிமுகம் தனக்கு முன்னால் போகும் வெப்ப வளிமுகத்தை எட்டிப் பிடித்தால், நடுவிலிருந்த வெப்பக்காற்று தரையை விட்டு முழுவதுமாக மேலே தூக்கப்படும். ஊதா நிறத்தில் வரைவார்கள், ஒடுங்கிய வளிமுகம் என்பார்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மீண்டும் சுருக்கமாக: குளிர்காற்று முன்னேறினால் குறுகிய நேரத்துக் கொட்டல், வெப்பக்காற்று முன்னேறினால் நீண்ட நேரத் தூறல், யாரும் நகராவிட்டால் ஒரே இடத்தில் நாள்கணக்கில்.

அப்படியானால் நம் ஊரில்?

வளிமுகம் உருவாக அருகருகே இருக்கும் இரண்டு காற்றுகளுக்குள் நல்ல வெப்பநிலை வேறுபாடு வேண்டும். தமிழகமும் இலங்கையும் இருக்கும் வெப்பமண்டலத்தில் அது கிடைக்காது. கன்னியாகுமரியிலிருந்து வங்காள விரிகுடாவின் நடுப்பகுதி வரை போனாலும் கடல்மேல் காற்றின் வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் மாறும். இரண்டும் ஒரே எடை, யார் அடியில் போவது?

வங்கக்கடல் புயல்களிலும் வளிமுகம் கிடையாது. அவற்றுக்கு எரிபொருள் வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகி, மேலே துளியாகும்போது வெளிவிடும் வெப்பம். அட்லாண்டிக்கில் சில புயல்கள் வடக்கே மிகத் தூரம் போய் அங்குள்ள குளிர்காற்றைச் சந்தித்து வளிமுகங்களைப் பெற்றுக்கொள்வதுண்டு. 2012இல் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் தாக்கிய சாண்டி அப்படித்தான் ஆனது. நம் புயல்கள் அதற்கு முன்பே நிலத்தில் ஏறி அடங்கிவிடும்.

வட இந்தியாவுக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. மத்தியதரைக்கடல் பக்கம் உருவாகும் தாழ்வுநிலைகள் குளிர்காலத்தில் ஈரான், பாகிஸ்தான் வழியாகக் காஷ்மீரையும் இமாச்சலத்தையும் எட்டும். செய்திகளில் மேற்கத்திய இடையூறு என்று வருவது இதுதான். இமயத்தில் பனியும் பஞ்சாபில் கோதுமைக்கு மழையும் தருவது அது. இங்கு வந்து சேரும்போது அதன் வளிமுகங்கள் பெரும்பாலும் தேய்ந்துபோயிருக்கும், ஆனால் அது கடந்த பிறகு வரும் குளிர்காற்றை டெல்லிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். சென்னையின் மார்கழிக் குளிருக்கும் இதற்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடுகிறது, வடக்கிலிருந்து வரும் வறண்ட காற்று அதற்குத் துணை போகிறது, அவ்வளவுதான்.

ஆனாலும் அந்த ஏசி அறைக் கதவின் இயக்கம் சென்னையில் அறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மே மாத நண்பகலில் நிலத்தின் மேல் காற்று கொதிக்கும், கடலின் மேல் இருப்பது அதைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். கடற்காற்று கிளம்பி, ஒரு கிலோமீட்டர் உயரம்கூட இல்லாத ஆப்பாக, நிலத்துக் காற்றின் அடியில் நுழையும். திசை மாறும், வெப்பநிலை சட்டென இறங்கும், ஈரம் கூடும். இதைக் கடற்காற்று முகம் என்பார்கள். கண்டம் அளவுக்குப் பரந்த திரள்களின் எல்லையல்ல இது. சில பத்து கிலோமீட்டர் உள்ளே போய் மாலையில் கரைந்துவிடும் குட்டி எல்லை. கரைக்கு அருகிலுள்ள நுங்கம்பாக்கத்தை அது முதலில் எட்டும், மீனம்பாக்கத்துக்குத் தாமதமாகத்தான் வரும். கோடையில் இரண்டு நிலையங்களின் உச்ச வெப்பநிலையை ஒப்பிட்டால் பெரும்பாலும் மீனம்பாக்கம் ஓரிரு டிகிரி கூடுதலாகக் காட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உள்நாட்டுப் பக்கமிருந்து வரும் மேற்குக் காற்றை இந்தக் கடற்காற்று சந்திக்கும் இடத்தில், போதுமான ஈரமும் இருந்தால், சூடான காற்று மேலே தூக்கப்பட்டு மாலையில் இடிமேகம் எழும். வாட்ஸ்அப்பில் விளக்கம் சுற்றுகிற அந்தக் கோடை மழைகளில் பல இப்படி வருபவைதான்.